நுனி வீட்டுப் பக்கம்

மூன்றாவது தடவையும் அந்தக் கறையான் புற்று எதிரே வந்து நின்றது. பாதி இடிந்த புற்று, உச்சியில் ஒரு காட்டுக்கோழி இறகு. முதல் தடவை கண்டபோது, காட்டில் இப்படி நூறு புற்று இருக்கும் என்று ஜவுபர் தன்னைத் தேற்றிக்கொண்டான். இரண்டாவது தடவை இறகைக் கண்டும் காணாதவன்போல நடந்தான். இப்போது பின்னால் வந்த பிள்ளைகளில் ஒருத்தி, "இந்தப் புத்துக்குத்தானே நாம ஸலாம் சொல்லிட்டுப் போனம்" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பதினான்கு பெண்பிள்ளைகள். கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆறாம் வகுப்பு. கூட்டி வந்தவர் ஸுல்பிகா டீச்சர். ஈரக் காடு எப்படி இருக்கும், வறண்ட காடு எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் காட்டவேண்டும் என்று இறக்காமத்துக்கு அப்பால் இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். வழிகாட்டி ஜவுபர்.

நேரம் மூன்றரை. அனுமதிக் கடிதத்தில் நாலு மணிக்குள் வேலிக்கு வெளியே வந்துவிட வேண்டும் என்று இருந்தது. கடிதம் கிடக்கட்டும். பொழுது சாய்ந்தால் பெரியவர்கள் தண்ணீருக்கு இறங்குவார்கள். காட்டுக்குள் நிற்கும்போது யானை என்று வாயால் சொல்வதில்லை, பெரியவர் என்றுதான் சொல்வது. ஜவுபருடைய வாப்பா அப்படித்தான் பழக்கியிருந்தார்.

ஜவுபர் கல்முனையில் நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவன். பிறந்தது இறக்காமத்தில். இளவயதில் வாப்பாவோடு விறகுக்கும் தேனுக்கும் இந்தக் காட்டில் திரிந்தது உண்மை. கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு கடற்கரைப் பக்கம் வந்த பிறகு காட்டை மிதிக்கவில்லை. இருபது வருஷம். இருபது வருஷத்தில் மனிதனே அடையாளம் தெரியாமல் மாறிப்போகிறான், காடு மாறாதா? ஆனால் மகள் நப்லா அதே வகுப்பில் இருந்தாள். சோறு தின்னும் நேரங்களில் அவன் சொன்ன காட்டுக் கதைகளையெல்லாம் அவள் வகுப்பில் போய்ச் சொல்லி, "என்ட வாப்பாக்குத் தெரியாத மரமில்ல" என்று பெருமையடித்திருந்தாள். டீச்சர் வீட்டுக்கு வந்து கேட்டபோது, இல்லை என்ற சொல் ஜவுபரின் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்தான். சொல் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

காலையில் யானை வேலியின் வாசல் படலைக்கு உள்ளே நின்றுகொண்டு டீச்சர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். காட்டுக்குள் நடக்கவேண்டிய முறை. ஜவுபருக்கும் ஒன்று. அவன் எழுத்துக் கற்றதே முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு, கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து. ஒரு பக்கம் வாசித்து முடிக்க ஒரு லொறி நெல் இறக்கும் நேரம் பிடிக்கும். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். டீச்சர் அதை உரத்து வாசித்தபோது அவன் சோற்றுப் பார்சல்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்தார்கள். முதலில் வறண்ட காடு. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற இடம். தரை வெடித்து, சருகு மிதிக்க மிதிக்க அப்பளம்போல நொறுங்கியது. டீச்சர் பிள்ளைகளை இலைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கத்தான் இந்த இலைகள் தடித்து, எண்ணெய் பூசினதுபோல இருக்கின்றன என்று விளங்கப்படுத்தினார். மெல்ல மெல்லத் தரை சரிந்து, காற்று குளிர்ந்து, மருதமரங்களும் நாவலும் புங்கும் வந்தன. இலைகள் அகன்று மெத்தென்று ஆயின. கீழே ஆறு. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் காலை நனைத்தார்கள், எழுதினார்கள், சாப்பிட்டார்கள். ளுஹர் தொழுதார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

வழி நெடுக ஜவுபர் அடையாளம் போட்டுத்தான் வந்தான். அது விறகுவெட்டிகளின் முறை. கூப்பிடு தூரத்துக்கு ஒரு கொப்பை முறித்து, அதன் நுனி வீட்டுப் பக்கம் பார்க்கப் பாதையில் போடுவது. திரும்பும்போது நுனியைப் பார்த்து நடந்தால் போதும். இருபத்திமூன்று கொப்பு போட்டான். ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. காட்டுக்குள் போகும்போது திரும்பி வருகிற கதை கதைக்கப்படாது என்பது வாப்பாவின் இன்னொரு சட்டம். கதைத்தால் காடு கேட்டுக்கொள்ளுமாம், வழியைச் சுருட்டி வைத்துக்கொள்ளுமாம். மௌலவி இதைக் கேட்டால் ஏசுவார். பள்ளிவாசலில் இருக்கும்போது ஜவுபரும் மௌலவி பக்கம்தான். காட்டுக்குள் வந்தால் வாப்பா பக்கம்.

இரண்டு மணிக்குத் திரும்பலாம் என்று கிளம்பி, சாய்ந்த மருதமரத்துக்குக் கீழே முதல் கொப்பைத் தேடினான். இல்லை. மான் இழுத்திருக்கும் என்று அடுத்ததைத் தேடினான். அதுவும் இல்லை. அங்கிருந்துதான் இந்தப் புற்றைச் சுற்றுகிற சுற்று ஆரம்பித்தது. கொப்புகளை யாராவது கண்டீர்களா என்று இடையில் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் வழி தெரியாது என்பது மகளுக்குத் தெரிந்துவிடும்.

டீச்சரின் கைப்பேசியில் சிக்னல் இல்லை. தண்ணீர்ப் போத்தல்கள் காலி. ஸப்னா என்ற பிள்ளைக்கு முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. அவளுடைய நெஞ்சு பூனைக்குட்டிபோலக் கத்தத் தொடங்கியிருந்தது, மூச்சுக்கு இழுக்கிற பம்பில் மருந்தும் முடிகிற கட்டம். டீச்சர் அவனைத் தனியே கூப்பிட்டு, சத்தம் இல்லாமல், "ஜவுபர் காக்கா, உண்மையச் சொல்லுங்க. வழி தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியா டீச்சர்" என்றான். இருபது வருஷத்துச் சுமையை இறக்கியதுபோல இருக்கவில்லை. இன்னொரு மூட்டை ஏறியதுபோல இருந்தது.

அதன்பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகளை உட்கார வைத்து, கொப்பு போட்ட கதையையும், நுனி வீட்டுப் பக்கம் பார்க்கும் என்பதையும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். பாதையில் கிடந்த கொப்புகளை யாராவது எடுத்தீர்களா என்று கேட்டான். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நப்லா மட்டும் தரையைப் பார்த்தாள்.

அவள் எழுந்து வந்து தன் புத்தகப் பையை அவன் முன்னால் வைத்தாள். பை வீங்கியிருந்தது.

"என்னத்துக்கு எடுத்த?"

"கொப்பு முறிக்கப்படாது எண்டு அந்தத் தாள்ள இரிக்கி. நீங்க முன்னுக்கு முறிச்சி முறிச்சிப் போட்டுக்கிட்டுப் போனீங்க. டீச்சர் கண்டா உங்களுக்கு ஏசுவா எண்டுதான் நான் கடைசியா வந்து எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஜவுபருக்குக் கண் இருண்டது. கை ஓங்கிவிட்டான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால் கை அவள்மேல் விழவில்லை, பையின்மேல் விழுந்தது. பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். கொப்புகள் குவியலாகக் கொட்டின. கையில் அகப்பட்ட ஒரு பனிச்சைக் கொப்பை இரண்டாக முறித்துச் சரிவில் எறிந்தான். அது பற்றைகளுக்குள் எங்கோ போய் விழுந்தது.

எறிந்த பிறகுதான் விளங்கியது. முதலில் எடுத்த கொப்பு பையின் அடியில் இருந்திருக்கும், கடைசியாக எடுத்தது மேலே. ஒவ்வொன்றாக எடுத்திருந்தால் வழியே கையில் வந்திருக்கும். இருந்த ஒரே ஒழுங்கையும் தன் கையாலேயே கொட்டிக் கலைத்துவிட்டான். குந்தி இருந்து, தலையில் கை வைத்துக்கொண்டான். படைத்தவனே என்றுகூட வாய் சொல்லவில்லை.

ஆற்றுப் பக்கம், தூரத்தில், மரம் ஒன்று படாரென்று முறிந்தது. காற்று இல்லை. எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் பேர் சொல்லவில்லை.

அப்போது டீச்சர் குவியலுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனால் குரல் வகுப்பறைக் குரல். காலையில் படித்ததைத்தான் இப்போது செய்யப் போகிறோம், ஈரத்து இலை இந்தப் பக்கம், வறட்சி இலை அந்தப் பக்கம் என்றார். பிள்ளைகள் ஊர்ந்து வந்தார்கள். மெத்தென்ற அகன்ற இலை ஒரு பக்கம், தடித்த சின்ன இலை ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். ஒரு நாவல் கொப்புக்கு இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள்.

"இது தடிச்ச இலடி, வறட்சி."

"உன்ட தலதான் தடிச்சது. கசக்கி மணந்து பாரு. ஆத்தடியில மணந்தது."

ஜவுபர் தலையைத் தூக்கினான். பிள்ளைகள் பிரித்த இரண்டு குவியலையும் பார்க்கப் பார்க்க அவனுடைய கைகளுக்குப் பழைய வேலை ஞாபகம் வந்தது. வெட்டின கொப்பு எவ்வளவு நேரத்துக்கு முன்னால் வெட்டினது என்று விறகுக்காரனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வாடின அளவைப் பார்த்தான், முறிந்த முனையை நகத்தால் சுரண்டினான், பாலைக் கொப்பில் பால் காய்ந்து இறுகியிருப்பதைப் பார்த்தான். ஈரக் குவியலில் பச்சை குறையாதது கடைசியில் முறித்தது. வறட்சிக் குவியலில் தொங்கிப்போனது காலையில் முறித்தது. இருபத்திரண்டையும் நிரையாக அடுக்கினான். சந்தேகமானவை நாலைந்து இருந்தன. சந்தேகத்தை முகத்தில் காட்டாமல் வைத்தான். பிறகு காட்டினான். இனி மறைப்பதில்லை என்று முடிவெடுத்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

சத்தம் வந்த பக்கத்தை விட்டு விலகிச் சரிவோடு இறங்கி, சாப்பிட்ட இடத்துக்கே முதலில் போனார்கள். அங்கிருந்து தேடல். இன்ன மரத்தில் முறிந்த காயம் ஒன்று இருக்கும், கொப்பை அதில் வைத்துப் பார்த்தால் உடைந்த பாத்திரம்போலப் பொருந்தவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னான். காட்டில் முறிந்த கொப்புக்குப் பஞ்சமில்லை, பெரியவர்கள் முறித்ததுதான் அதிகம். அதற்கும் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் எழும்பாது. இடது கையால், நெஞ்சு உயரத்தில், முறுக்கித்தான் முறித்திருப்பான். காயத்தில் பட்டை முறுகித் தொங்கும். உள்ளே வரும்போது இடது பக்கம் முறித்தது, திரும்பிப் போகும்போது வலது பக்கம் இருக்கும்.

முதல் காயத்தைக் கண்டது ஜெனூபா என்ற சின்ன உருவம். மருதங்கொப்பு பொருந்தியது. யாரோ கைதட்டப் போக, டீச்சர் கையைப் பிடித்தார். அடுத்தது நாவல். அடுத்தது புங்கு. ஒரு கொப்புக்கு ஐந்து நிமிஷம் போனது, ஒன்றுக்குப் பத்து. பொருந்திய கொப்பை அவன் பின்னால் நீட்டுவான். நப்லா வாங்கிக்கொள்வாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓரிடத்தில் நடுப்பாதையில் ஆவி பறக்கிற சாணம் கிடந்தது. டீச்சர் ஸப்னாவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்தார். ஸப்னா பத்து அடிக்கு ஒருதரம் நின்றாள். ஒருவரும் பேசாத காட்டில் அந்தப் பிள்ளையின் இழுப்புத்தான் பெரிய சத்தமாக இருந்தது.

மரங்கள் விலகி ஒரு வெளி வந்தது. வெளியின் இந்தப் பக்கத்தில்தான் அடுத்த கொப்பு இருக்கவேண்டும். நிரையில் அதற்குக் கொப்பு இல்லை. பனிச்சை. தான் முறித்து எறிந்தது. ஜவுபர் வெளியோரத்தைச் சுற்றிச் சுற்றி நாய்போல ஓடினான். வெயில் மரத்தலைகளுக்கு ஏறிவிட்டது. கடைசியில் ஒரு பனிச்சையில் முறுகிய பட்டையைக் கண்டு, வெளிக்குக் குறுக்கே நேராகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தான். அங்கால் வறண்ட காடு. சருகு நொறுங்கியது. வீரை, முதிரை, பாலை என்று காயங்கள் கிட்டக் கிட்ட வந்தன. பிள்ளைகள் இப்போது அவனுக்கு முன்னாலேயே கண்டுபிடித்தார்கள். தூரத்தில் வேலிக் கம்பி மினுங்கியதும் பிடித்து நிறுத்த முடியவில்லை. எல்லோரும் ஓடினார்கள்.

படலைக்கு அந்தப் பக்கம் பஸ் நின்றது. அதிகாரிகளுக்கு அறிவித்துவிட்டதாகவும், அவர்கள் வர ஒரு மணித்தியாலம் ஆகுமாம் என்றும் ட்ரைவர் சொன்னான். ஜவுபர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி ஏற்றினான். பதின்மூன்று. திரும்ப எண்ணினான். பதின்மூன்று. ஸப்னா இல்லை. டீச்சரும் இல்லை.

எங்கே விட்டான்? வெளியைத் தாண்டும்போது பின்னால் திரும்பிப் பார்த்தானா? பார்க்கவில்லை. வேலியைத்தான் பார்த்தான். மில்லில் ஒரு மூட்டை குறைந்தால் இரவு முழுக்கத் தூக்கம் வராத மனிதன், உயிருள்ள இரண்டு பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறான். பாதை ஒன்று இருந்தால் பின்தொடர்ந்து வருவார்கள். அங்கே பாதை எது? மரத்துக்கு மரம் காயம்தான். அதை அவர்களுக்கு யார் காட்டுவது? ட்ரைவரிடம் பிள்ளைகளைப் பாரம் கொடுத்துவிட்டுப் படலைக்குள் திரும்ப ஓடினான். நப்லா பின்னால் கூப்பிட்டது கேட்டது, என்னவென்று கேட்கவில்லை.

முதல் பாலை மரத்தைத் தாண்டியவன் நின்றான். மரத்தடியில் ஒரு கொப்பு கிடந்தது. வாடிய பாலைக் கொப்பு. நுனி வேலிப் பக்கம். இன்னும் ஓடினான். வீரை மரத்தடியில் ஒன்று. நுனி வேலிப் பக்கம். அதற்கும் அப்பால் முதிரை.

அவன் நீட்டிய ஒவ்வொன்றையும் நப்லா அந்தந்த மரத்தடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

வெளிக்குக் கிட்டப் போனபோது முன்னால் இருந்த பற்றை தானாக அசைந்தது. ஜவுபர் ஒரு மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டான். சாம்பல் நிறச் சுவர் ஒன்று நகர்ந்தது. பிறகு இன்னொன்று. குட்டியோடு ஒன்று. வெளிக்குக் குறுக்கே, அவன் சற்று முன்னால் பிள்ளைகளை நடத்திக் கொண்டுவந்த அதே தரையால், ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவசரம் இல்லாத நடை. காலடிச் சத்தமே இல்லை, வயிறு உறுமுகிற சத்தம் மட்டும். பதினொன்று எண்ணினான். அதற்கு மேல் எண்ண மனம் இல்லை. அந்தப் பக்கத்தில் டீச்சரும் ஸப்னாவும் நடந்துகொண்டிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை முடிக்காமல் காவல் கேட்டு ஆயத்துல் குர்ஸியை ஓதினான். பாதியில் மறந்து திரும்ப முதலில் இருந்து ஓதினான்.

வெளி வெறுமையானது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. அவன் குனிந்து ஓடி வெளியைத் தாண்டினான்.

பனிச்சை மரத்துக்குப் பின்னால், வேரோடு வேராக, டீச்சர் ஸப்னாவை மடியில் வைத்து, அவள் முகத்தைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு இருந்தார். இழுப்புச் சத்தம் வெளியே கேட்காமல் மூடியிருக்கிறார். ஸப்னாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. ஜவுபர் அவளை இடது தோளில் தூக்கிக்கொண்டான். மூட்டை மாதிரி இல்லை. மூட்டை நெஞ்சோடு சேர்த்து மூச்சு விடாது.

படலை வரைக்கும் டீச்சர் பின்னால் ஓடி வந்தார். பஸ்ஸுக்குள் ஸப்னாவை முன் இருக்கையில் சாய்த்து, ஆஸ்பத்திரிக்கு நேரே விடச் சொல்லி, பம்பில் மிச்சமிருந்த கடைசி இரண்டு இழுவையையும் கொடுத்த பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது.

"கொப்பப் பாத்துப் பாத்துத்தான் வந்தம் காக்கா. நுனி பாத்த பக்கம் நடந்தம். அந்த வெளிக்கிட்ட வந்ததும் அடுத்த கொப்பக் காணல்ல. எந்தப் பக்கம் எண்டு தெரியாம நிண்டம். அதுக்குள்ள அதுகள் வந்திட்டு. அந்த ஒரு கொப்பு கிடந்திருந்தா நாங்க நடந்திருப்பம். நடு வெளியில."

ஜவுபர் சட்டைப் பைக்குள் இருந்து அந்தத் தாளை எடுத்தான். வியர்வையில் ஊறி மடிப்பிலேயே கிழிந்திருந்தது.

"இத நான் வாசிக்கல்ல டீச்சர்" என்றான்.

"நானும் உங்கட கையப் பாக்கல்ல" என்றார் டீச்சர். "புள்ளைகளுக்கு எல்லாத்தையும் பாருங்க, கவனியுங்க எண்டு காலையில இருந்து சொல்லிக்கிட்டு வந்தன்."

அவர் ஸப்னாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் இறக்காமத்து வயல்களுக்கு நடுவால் கல்லிலும் பள்ளத்திலும் விழுந்து எழும்பி ஓடியது. பிள்ளைகள் ஒருவரும் பாடவில்லை.

ஜவுபர் கடைசி இருக்கைக்குப் போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். பை வெறுமையாக மடியில் கிடந்தது.

"என்னத்துக்குக் கொப்ப வெச்சிக்கிட்டு வந்த?"

"எடுத்தத்த எடுத்த இடத்தில வைக்கணுமே."

"எல்லாத்தையும் வெச்சியா?"

"ஒண்டு இல்ல" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "அத நீங்க எறிஞ்சிட்டீங்க."

அவள் எடுத்ததால் வழி தொலைந்தது. அவள் வைத்ததால் இரண்டு பேர் வழி கண்டார்கள். அவன் கோபத்தில் எறிந்ததால் அந்த இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இதில் எதற்கு அழுவது, எதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்வது என்று பிரித்தெடுக்க அவனால் முடியவில்லை.

முன்னால் ஸப்னாவின் இழுப்பு கேட்டது. கேட்கும்வரை நல்லது.

கிழிந்த தாளை மகளின் மடியில் வைத்தான்.

"வாசி."

அவள் இரண்டு துண்டையும் பொருத்திப் பிடித்தாள். ஒன்று, வழிகாட்டியை விட்டுப் பிரியக் கூடாது. இரண்டு, எந்த மரத்தின் கொப்பையும் முறிக்கக் கூடாது. அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள்.

"மிச்சத்தையும் வாசி" என்றான்.